டயர் கல்லு மாதிரி இருந்தால் போதும் என்று சொன்ன பாவாவுக்கு

கே.ஜி.கண்டிகை,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய பாவாவுக்கு,

உதயா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நைனா, அம்மா, மகளின் மொட்டைக்காக வந்திருக்கும் அனு அக்கா, உங்கள் மகள் சினேகா எல்லோரும் இன்றைய தேதி வரை நலம். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாளும் இதே வரியை நான் எழுத வேண்டுமானால், நீங்கள் நைனாவுக்கு ஒரு போன் செய்ய வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். அக்கா கல்யாணமாகி நான்கு வருடத்தில் போனில் நான் உங்களிடம் பேசியது "நல்லா இருக்கீங்களா பாவா", "அக்காகிட்ட தரேன்" என்ற இரண்டு வாக்கியங்கள்தான். மூன்றாவது வாக்கியத்துக்கு எனக்கு நாக்கு எழவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். இது கட்டைவிரலோடு முடிகிற விஷயம் இல்லை.

கிருத்திகை அன்று நம் டிராக்டர் டிரெய்லரில் ஐம்பத்திரண்டு பேர் திருத்தணிக்குப் போகிறார்கள். ஐம்பத்திரண்டு பேருடன் காவடிகள், இரண்டு மூட்டை அரிசி, விறகு, அண்டா, இரண்டு பீப்பாய் தண்ணீர். தண்ணீர் எதற்கு, திருத்தணியில் தண்ணீர் இல்லையா என்று கேட்டால், அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்கிறார் ஜெயம்மாள் அத்தை. இந்தக் கூட்டத்தின் நடுவில், அண்டாவுக்குப் பக்கத்தில், அக்கா மடியில் சினேகா உட்காருவாள். நீங்கள் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் சௌகரியமாக வந்து இறங்கி, அடிவாரத்தில் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு காத்திருப்பீர்கள். உங்கள் பெண்ணோ மூன்று டன் வண்டியில் நான்கு டன்னுக்கு மேல் பாரத்தோடு வந்துகொண்டிருப்பாள். இதற்கெல்லாம் காரணம் நீங்கள்தான் பாவா. மரியாதைக்குக் குறைவாக எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகையில் அந்தப் பழைய டிரெய்லரை நகரியிலிருந்து வாங்கிக் கொடுத்தது நீங்கள். எங்கள் வாசலில் நின்று அதன் டயரை நாலு தட்டு தட்டி, "மாமா, டயர் கல்லு மாதிரி இருந்தா போதும், எவ்ளோ வேணா ஏத்திக்கலாம்" என்றதும் நீங்கள். தட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்விட்டீர்கள். உங்கள் வாக்கியம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. நைனா அதைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் சொல்கிறார். மாதவரத்தில் லாரி செட் வைத்திருக்கும் குடும்பத்து மாப்பிள்ளை சொன்ன சொல்லாயிற்றே. நான் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பி.எஸ்சி. இயற்பியல். இந்த வீட்டிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அழுத்தம், விசை, நெம்புகோல் எல்லாவற்றிலும் எண்பதுக்கு மேல் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதற்கு இந்த வீட்டில் காற்றுப் போன சைக்கிளுக்கு இருக்கும் மதிப்புகூட இல்லை.

அந்த டிரெய்லரின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு இருந்ததே, நினைவிருக்கிறதா? எவ்வளவு பாரம் ஏற்றலாம், டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று அதில்தான் போட்டிருந்தது. நைனா வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது அதன் மேலேயே "முருகன் துணை" என்று எழுத வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த எடம்தான்மா மட்டமா இருந்துச்சு" என்றார். மூன்று டன் என்ற கணக்கு இப்போது முருகனுக்கு அடியில் இருக்கிறது. முருகனுக்கு மட்டும்தான் தெரியும்.

காற்று அடிப்பவர் பங்காரு. அவர் பஞ்சர் கடையில் அழுத்தம் காட்டும் மீட்டரின் கண்ணாடி உடைந்து, முள் நாற்பதிலேயே நின்றுவிட்டது. ஸ்கூட்டிக்கு நாற்பது, லாரிக்கும் நாற்பது. அவர் முள்ளைப் பார்ப்பதும் இல்லை. ஓர் இரும்புக் கம்பியால் டயரை அடித்து, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். "ணங்னு வந்துடுச்சுப்பா, எடுத்துக்கினு போ" என்பார். ட்யூஷன் எடுத்த காசில் நானே ஒரு மீட்டர் வாங்கி, டயர் ஓரத்தில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு அளந்தேன். அறுபதைத் தாண்டக் கூடாத டயரில் இடது பக்கம் எண்பத்தைந்து, வலது பக்கம் நாற்பத்தொன்று. ஒரு கால் ஊதிப்போய், இன்னொரு கால் சூம்பிப்போய் நிற்கும் ஆளின் தலையில் நெல் மூட்டையை ஏற்றினால் எப்படி நடப்பான்? நைனா என் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காய்ச்சலுக்கு வெக்கறதாம்மா இது?" என்று கேட்டுத் திருப்பித் தந்தார்.

கரும்புக் காலத்தில் நடந்ததை அக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஆலைக்குக் கரும்பு ஏற்றினார்கள். ஆறு டன். அதுவும் முன்பக்கமாகக் குவித்து. ரயில்வே மேம்பாலம் ஏறும்போது கொக்கியின் மேல் பாரம் அழுந்தி, டிராக்டரின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரு முழம் மேலே எழும்பின. நைனா ஸ்டியரிங்கைத் திருப்ப, அது ஆகாயத்தில் திரும்பியது. கரும்பை இறக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? இல்லை. பக்கத்து வீட்டு சடகோபன் மாமாவை அழைத்து டிராக்டரின் மூக்கில் உட்கார வைத்தார்கள். அவர் நூற்றுப் பத்து கிலோ. முன்சக்கரம் இறங்கியது. அன்று முதல் அது அவர் உத்தியோகமாகிவிட்டது. காலையில் குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பானெட்டில் ஏறிக்கொள்வார். எதிரே வரும் பஸ்காரர்களுக்கு வணக்கம் வேறு. நான் ஒருநாள் தைரியம் வந்து அவரிடமே கேட்டேன்.

"மாமா, வழியில நீங்க வுழுந்துட்டா?"

"நான் எங்கம்மா வுழப்போறேன்? நான் எறங்கினாதான் உங்க நைனாவுக்குக் கஷ்டம்."

அதுவும் நடந்தது. கண்டிகை டீக்கடை மேட்டில் வண்டி மெதுவானதும், மாமா யாரிடமும் சொல்லாமல் ஒரு டீக்காக இறங்கிவிட்டார். வண்டி மூக்கைத் தூக்கியது, நைனா கத்தினார், டிராக்டர் தன் இஷ்டத்துக்குப் போய் டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து ஓடியதால் யாருக்கும் அடியில்லை. மாமா டம்ளரைக் கையில் பிடித்தபடியே, "பச்சையப்பா, ஒரு வார்த்தை கேட்டுக்கினு நிறுத்தக் கூடாதா?" என்று நைனாவையே திட்டினார்.

ஆலையில் இன்னொரு கூத்து. எடை மேடையில் பாரத்தோடு நிறுத்தியபோது மாமா பானெட்டில் இருந்தார். கரும்பை இறக்கிவிட்டு வெறும் வண்டியை நிறுத்தியபோது வடை வாங்கப் போயிருந்தார். ஆகவே நூற்றுப் பத்து கிலோ கரும்பாக எங்கள் மாமா ரசீதில் ஏறிவிட்டார். இதை நைனா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் அந்த எண்பத்தைந்து டயர் பொதட்டூர்பேட்டை ரோட்டில் வெடித்தது. ரோடு வெந்துகொண்டிருக்கும்போது டயருக்குள் இருக்கும் காற்று எங்கே போகும்? ஏழாம் வகுப்புப் பாடம். நைனா, "ஊர்க்கண்ணு பட்டுடுச்சு" என்றார். புது டயர் மாட்டியதும் ஜெயம்மாள் அத்தை அதற்குக் கற்பூரம் சுற்றிப் போட்டார், டீசல் டேங்குக்கு ஒரு சாண் தள்ளி. நான் வாளியில் தண்ணீரோடு நின்றதைப் பார்த்து, "இவ ஏன்டி சவம் எடுத்த வூடு மாதிரி தண்ணிய வெச்சுக்கினு நிக்கறா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

கொக்கியில் மாட்டும் ஆணி தொலைந்து, அதற்குப் பதில் ஒரு கடப்பாரைத் துண்டு செருகியிருக்கிறது. அது தெறித்தாலும் டிரெய்லர் கழன்று ஓடாமல் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி உண்டு. சங்கிலி எங்கே என்று கேட்டேன். "கன்னுக்குட்டிய கட்டிக்கீதும்மா" என்றார்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. ஐம்பத்திரண்டு பேரையும் அண்டாவையும் நிறுத்த வேண்டியது நைனாவின் ஒரே ஒரு வலது கால். அந்தக் காலில் மூட்டு வலி. காற்றைக் கூட்டினால் டயர்தான் இறுகும் பாவா. அச்சு இறுகாது, கொக்கி இறுகாது, நைனாவின் மூட்டும் இறுகாது. தவிர, அது சாமான் ஏற்றுகிற வண்டி, ஆள் ஏற்றுகிற வண்டி அல்ல என்பது சட்டம். சட்டம் போகட்டும், சினேகாவுக்கு இரண்டு வயது.

ஆகவே நீங்கள் போன் செய்து, "மாமா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு, ஜனங்க யாரும் டிரெய்லர்ல ஏறக் கூடாது" என்று சொல்ல வேண்டும். உங்களுக்குக் கௌரவக் குறைவாக இருந்தால், யாரோ பெரிய மெக்கானிக் சொன்னதாகச் சொல்லுங்கள். அப்போதாவது கேட்பார். முருகனே கோபம் தணிந்து உட்கார்ந்த மலை என்கிறார்கள். அதன் பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு மட்டும் தணிய மாட்டேன் என்கிறது.

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். அவருடைய முழங்கால் எண்ணெய் அக்கா பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, பாதி நைனாவுக்குச் செலவாகிவிட்டது. ரயிலில் படியில் நிற்காமல் உள்ளே உட்கார்ந்து வாருங்கள். தணிகை முருகன் உங்களுக்கு நல்ல உடம்பையும், இனிமேல் யார் வீட்டு டயரையும் தட்டிப் பார்க்காத கையையும் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனி,
உதயா

பின்குறிப்பு (புதன்கிழமை): போன் செய்ய வேண்டாம்.

கவரின் மேல் எழுத நேற்று நைனாவிடம் உங்கள் விலாசம் கேட்டேன். "மாப்ளைக்கு இவ்ளோ பெரிய லெட்டரா? இன்னா எழுதிக்கீற, படி கேக்கலாம்" என்றார். தப்பிக்க வழியில்லாமல் முழுவதையும் படித்தேன். முடிந்ததும், "இத்த ஏம்மா மாப்ளைக்கு எழுதற? என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவேன். "எட்டு மாசமா சொல்லிக்கினுதானே இருக்கேன் நைனா!" என்றேன்.

"எங்கம்மா சொன்ன? நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணி, டபடபன்னு ஓடறப்ப வந்து கதவாண்ட நிப்ப. வாய் மட்டும் அசையும். பொண்ணு போய்ட்டு வான்னு சொல்லுதுன்னு நானும் கைய ஆட்டிட்டுப் போவேன்."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது பொய்யில்லை.

ஜனங்கள் எல்லோரும் பஸ்ஸில் போகிறார்கள் என்று நேற்றே ஊரில் சொல்லிவிட்டார். டிரெய்லரில் அரிசி, அண்டா, விறகு மட்டும். தண்ணீர்ப் பீப்பாய் கிடையாது என்றதிலிருந்து ஜெயம்மாள் அத்தை என்னோடு பேசுவதில்லை. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். "மாப்ளயும் படிக்கட்டும்" என்று ஸ்டாம்பை அவரே நக்கி ஒட்டிவிட்டார், அதனால் வருகிறது.

இன்று காலை அவர் கழனிக்குக் கிளம்பினார். நான் கதவருகே வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சொல்லும்மா" என்றார். தெருவே அமைதியாக இருந்தது. காற்று, பாரம், கொக்கி எல்லாம் நான் விடிந்ததுமே பார்த்து முடித்திருந்தேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"போய்ட்டு வாங்க நைனா" என்றேன்.