பனிமலைக்கு உப்புப் போட்டவன்

அதிகம் பேசாதவனைப் பார்த்தால், இவனுக்கு ஏதோ தெரியும்போல என்று உலகம் நினைத்துக்கொள்கிறது. இந்த ஒரு வசதியை வைத்துத்தான் நான் பாதி ஆயுளை ஓட்டினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. மேலே படிக்காததற்குக் குடும்ப வறுமையைக் காரணம் சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை என்னவென்றால், ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே புது வாத்தியார் முன்னால் எழுந்து நின்று என் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். (அதுக்கு மாடு மேய்க்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்.)

அப்பேர்ப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, பத்துப் பேர் பார்க்க, வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னேன். அதன் பலனை இன்றுவரை பந்திக்குப் பந்தி அனுபவிக்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். மீன் மார்க்கெட்டுக்கும் லேபர் கேம்ப்களுக்கும் பாளம் பாளமாக ஐஸ் போகும். தரையில் நீச்சல்குளம் மாதிரி ஒரு தொட்டி, அது நிறைய உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரை மிஷின் குளிர வைக்கும். நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களை அதற்குள் இறக்கி வைத்தால் மறுநாள் ஐஸ். தொட்டியில் உப்புக் குறைந்தால் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவது என் பொறுப்பு. உப்புப் போட்டால் ஐஸ் கெட்டியாக வருகிறது. வருஷக்கணக்காகக் கண்ணால் பார்த்த விஷயம். இதில் எனக்கு யார் பாடம் எடுக்க முடியும்?

இந்த இடத்தில் என் சகலையைச் சொல்லியாக வேண்டும். மனைவியின் அக்காள் புருஷன். கனடாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். வருஷம் தவறாமல் பனிக்குள் நின்று ஒரு போட்டோ எடுத்து மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தோளில் பனி, தொப்பியில் பனி, பின்னால் காரெல்லாம் பனி. அறந்தாங்கிப் பக்கத்து வெயிலில் அந்தப் போட்டோவைப் பார்த்தாலே என் மாமனாருக்கு உடம்பு குளிர்ந்துவிடும். சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். அவர் ஆடு வாங்கி விற்கிறவர். வீட்டுக்கு வருகிற ஆட்டு வியாபாரி, கறிக்கடைக்காரர், தபால்காரர் என்று ஒருவரையும் விடமாட்டார்.

"பாத்தீகளா, எங்க மூத்த மாப்பிள்ளை! பனிக்குள்ள நிக்கிறாரு!"

ஒரு லீவில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்த ஆள் மரியாதைக்காக என்னைப் பற்றியும் கேட்டுவைத்தார்.

"இது சின்ன மாப்பிள்ளை. துபாய்ப் பக்கம் ஐஸ் கம்பெனியில இருக்காரு" என்றார் மாமனார்.

"அப்படியா? குச்சி ஐஸா, பால் ஐஸா?"

ஆழமாக யோசிப்பவன்போல உத்தரத்தைப் பார்த்தேன். உள்ளே என் மனைவி செல்வி பாத்திரத்தைப் போட்ட சத்தத்தில்தான் அவள் எவ்வளவு யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

மச்சினன் கல்யாணம் பங்குனியில் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் செல்வி போனில் சொன்னாள்: "அக்கா வீட்டுக்காரரு இந்தத் தடவை ஆல்பமே கொண்டு வாராராம். நடுவீட்ல அக்கா அதை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காரும். நான் எதை விரிக்கிறது? கம்பெனி வாசல்ல மீன் வண்டியோட நிக்கிறீங்களே, அதையா?"

"ம்ம்" என்றேன். என் அகராதியில் அந்தச் சொல்லுக்கு எல்லா அர்த்தமும் உண்டு. ஆனால் போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை. செல்வி எதையும் கேட்கிறவள் இல்லை. நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. கேட்டது ஒரு போட்டோ. அதையும் பாலைவனத்தில் உட்கார்ந்திருக்கிறவனிடம் பனியில் கேட்டாள்.

வானத்துக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, அந்த ஜனவரியில் மூன்று நாள் மழை, ஆலங்கட்டி, குளிர். ராஸ் அல் கைமா மலை உச்சியில் பனி கொட்டிக் கிடப்பதாகக் கேம்ப் முழுக்கப் பேச்சு. கம்பெனிக் கணக்கர் ரவீந்திரன் என் ரூமுக்கு ஓடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு பழைய காரும் புத்தம்புது டிஜிட்டல் கேமராவும் அவரிடம் இருந்தன.

"அண்ணை, வெளிக்கிடுங்கோ! வெள்ளிக்கிழமைதானே, டியூட்டி இல்லை. பனியைப் பாத்திட்டு வருவம். நீங்கள் ஐஸோடயே சீவிக்கிற ஆள், நீங்கள் வந்தால் எனக்கும் துணிவு."

இதுதான் சொன்னேனே, பேசாதவனுக்குக் கிடைக்கும் பட்டம். மறுக்க வெட்கமாக இருந்தது. குளிர் அறையில் போடும் ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டேன். காலுக்குக் கம்பெனி கொடுத்த ரப்பர் கம்பூட். அடிப்பாகம் தேய்ந்து தேய்ந்து குழந்தையின் கன்னம் மாதிரி வழுவழுப்பாக இருந்தது. கூடவே ஒரு சின்ன மூட்டை பொடி உப்பு.

"உப்பு என்னத்துக்கு அண்ணை? சமைக்கப்போறமோ?"

"ஆகும்" என்றேன். (ஒத்தை வார்த்தை. அதுலயே மனுசன் அசந்துட்டார்.)

அப்போது உச்சிவரை தார் ரோடெல்லாம் கிடையாது. கார் போகிறவரை போய், மற்ற வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஆட்டுத்தடத்தில் ஏறினோம். கீழே சாதாரணக் கல்லும் மண்ணும்தான். மேலே போகப் போக நிழல்பட்ட இடங்களில் பாறைக்குழியில் நின்ற மழைத்தண்ணீர் கண்ணாடித்தாள் மாதிரி உறைந்திருந்தது. மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். எனக்கு ஒரே சந்தோஷம். சொந்த ஊருக்கு வந்ததுபோல் நடந்தேன்.

எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இறங்கி வந்தார்கள். கையில் ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல். ஷூவுக்கு அடியில் சங்கிலியில் கோத்த இரும்பு முட்கள். அந்த அம்மாள் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"மேல நல்லா இறுகிப்போய்க் கிடக்காம். சரியா வழுக்குதாம். இந்தச் சப்பாத்தோட போகவேண்டாமாம்" என்றார் ரவீந்திரன்.

"நம்மகிட்ட உப்பு இருக்குன்னு சொல்லுங்க."

ரவீந்திரன் அப்படியே சொன்னார். அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். அறிவில்லாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். (நான் அவங்களை நினைச்சேன். அவங்க என்ன நினைச்சாங்கன்னு எனக்கு இங்கிலீஷ் தெரியாது.)

உச்சிக்குச் சற்றுக் கீழே அந்த இடம் வந்தது. சரிந்து கிடந்த ஓர் அகலப் பாறை. அதன்மேல் விழுந்த ஆலங்கட்டியும் பனியும் பகலில் இளகி, மறுபடி இறுகி, எங்கள் கம்பெனிப் பாளத்தைப்போலவே பளபளத்தது. அதைத் தாண்டிவிட்டால் அந்தப்பக்கம் வெள்ளைவெளேரென்று பனி. நான் பார்த்த முதல் பனி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பனி தெரியவில்லை. நடுவீட்டில் செல்வி ஆல்பத்தை விரித்து உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது.

பாறைக்கு இந்தப்பக்கம் ஏழெட்டுப் பேர் தயங்கி நின்றார்கள். மலையாளிகள், சில அரபு இளைஞர்கள். யாருக்கும் காலெடுத்து வைக்கத் துணிவில்லை. ரவீந்திரன் என்னைக் கைகாட்டி இங்கிலீஷில் அறிமுகம் செய்தார். அதில் 'ஐஸ்' என்பதும் 'எக்ஸ்பர்ட்' என்பதும் எனக்கே புரிந்தது. எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

என் வாழ்வில் யாரும் எனக்காக விலகி நின்றதில்லை. அந்த மயக்கத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"ஐஸுக்கு உப்புதான் பலம். உப்பைப் போட்டு அஞ்சு நிமிசம் விட்டா இரும்பு மாதிரி இறுகிரும். அப்புறம் லாரியே போகலாம்!"

ரவீந்திரன் மொழிபெயர்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மூட்டையைப் பிரித்து, வாசலில் கோலப்பொடி தூவுகிற பக்குவத்தில், பாறை நெடுகத் தூவினேன். பாதி மூட்டை காலியானது. மீதியைத் தோளில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஐஸின் மேல்பக்கம் பொறுபொறுவென்று சத்தம் போட்டு, ஈரம் கசிந்து, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது.

"அண்ணை, இது தண்ணியாகிற மாதிரிக் கிடக்குதே?"

"பக்குவம் வருது. பேசாம இருங்க."

தொட்டியில் இருக்கும் உப்புத் தண்ணீர் ஏன் எந்தக் குளிரிலும் தண்ணீராகவே இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், நான் யோசித்திருக்கலாம். டப்பாவுக்குள் உப்புப் போகாததால்தான் அங்கே இருக்கிற தண்ணீர் ஐஸ் ஆகிறது. உப்புப் பட்ட ஐஸ் உருகத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மலையே தேவைப்பட்டது.

வலது காலை வைத்தேன். இடது காலை வைக்கவில்லை. அதற்கு அவகாசம் இல்லை.

உட்கார்ந்த வாக்கில் கிளம்பினேன். பாறை முடிந்தது, நான் முடியவில்லை. சரளைக்கல் சரிவில் என் கால்சட்டையின் பின்பக்கம் முதல் வளைவிலேயே விடைபெற்றது. ஊன்றுகோல் தம்பதியைத் தாண்டிப் போனேன். அந்த அம்மாள் கை ஆட்டினாள். நானும் மரியாதைக்குக் கை ஆட்டினேன். எனக்குப் பின்னால், "ஐயோ அண்ணை! என்னை ஏன் கூட்டிக்கொண்டு போறியள்!" என்று ரவீந்திரனும் வந்துகொண்டிருந்தார். அவர் என் ஜாக்கெட்டைப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் ஓர் ஆட்டுப்பட்டி. சுற்றிலும் முள் அடைப்பு, நடுவில் மெத்தென்று ஆட்டுப்புழுக்கை. எலும்பு முறியாததற்கு அதுதான் காரணம். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. உடம்பெல்லாம் ஐஸ் தண்ணீர். மூச்சுவிட்டு நிமிர்ந்தேன். தோளில் இருந்த உப்பு மூட்டை எனக்குப் பின்னே தனியாக உருண்டு வந்து, முள்ளில் கிழிந்து, மொத்தமாக என் தலையில் கவிழ்ந்தது. ஈரத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. தலை வெள்ளை, புருவம் வெள்ளை, தோள் வெள்ளை.

ஆடுகள் முதலில் பயந்து ஒதுங்கின. பிறகு ஒன்று வந்து என் காதை நக்கியது. நக்கிவிட்டு மற்றவற்றைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான், மொத்தப் பட்டியும் என்மேல் விழுந்தது. ஒன்று கன்னத்தில், இரண்டு தோளில், ஒரு கிடா தலையில். எழுந்திருக்கலாம் என்றால் கால்சட்டையின் நிலைமை அப்படி.

ரவீந்திரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேமராவை எடுத்தார்.

"தம்பி, வேணாம்!"

"அண்ணை, அசையாதேங்கோ. இவ்வளவு தூரம் வந்திட்டுப் படம் இல்லாமல் போறதோ? சிரியுங்கோ!"

பட்டிக்காரர் வந்தார். மலைவாசிக் கிழவர், கையில் சின்னக் கோடரி பூட்டிய கைத்தடி. எங்களைப் பார்த்தார், மேலே பாறையைப் பார்த்தார், உப்பை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு தலையில் தட்டிக் காட்டி, "மாஃபி முக்!" என்றார். மூளை இல்லை என்று அர்த்தம். (வளைகுடாவுக்கு வந்த எவனும் முதல் வாரத்திலேயே கத்துக்கிற வார்த்தை, அடுத்தவங்க வாயிலிருந்து.) சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் கம்பளி கொடுத்தார், பால் இல்லாத சுலைமானி டீ கொடுத்தார், இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துணி கொடுத்தார். சிந்தின உப்பை ஆட்டுக்காக ஒரு தட்டில் வழித்துக்கொண்டு, "ஷுக்ரன்" என்றார். அந்த உப்புக்கு நன்றி சொன்ன ஒரே மனிதர்.

பனியை நான் தொடவே இல்லை. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வெயில் ஏறி, மேலே இருந்ததும் கரைந்துவிட்டது.

ரவீந்திரன் அந்தப் படத்தைக் கேம்ப் முழுக்கக் காட்டியிருந்தார், ஊர்க்காரர்கள் வழியாகச் சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. செல்வி போனில் கேட்டாள்: "பனி போட்டோ எடுத்தீங்களாமே? மேலெல்லாம் பனியாமே?"

"ம்ம்."

"ஆடெல்லாம்கூட இருக்காமே? நெசமாவா?"

"ம்ம்."

அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபிறகு, அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பங்குனியில் லீவில் போனேன். கல்யாணத்துக்கு முதல் நாள் வீடு நிறைய ஜனம். அக்கா ஆல்பத்தை விரித்தாள். செல்வி நான் அனுப்பியிருந்த ஒற்றைப் போட்டோவைப் பெரிதாகப் போட்டு, சட்டத்தோடு கொண்டுவந்து வைத்தாள். பத்துத் தலைகள் குனிந்தன. "அம்மாடி, எம்புட்டுப் பனி! புருவமெல்லாம் உறைஞ்சு போச்சே!" என்று ஒரு அத்தை கன்னத்தில் கை வைத்தாள். சகலை போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கனடாவில் இத்தனை வருஷம் பனி அள்ளினவர். லேசாக இருமிவிட்டு மாமனாரிடம் கொடுத்தார். செல்வியின் முகத்தை நான் பார்த்தேன். இதற்குமுன் அப்படி ஒரு பெருமையை அதில் பார்த்ததில்லை.

மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பனியை அவர் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தொழில் புத்தி, ஆட்டைத்தான் பார்த்தார்.

"நல்ல கிடா" என்றார். பிறகு மெதுவாக, "ஏன் மாப்பிள்ளை, பிறந்ததுலருந்து ஆட்டோட கிடக்கேன். மழைத்தண்ணி மேல பட்டாலே ஓடுற சாதி. அது பனியையா இப்படிக் கண்ணை மூடிக்கிட்டு நக்குது? இது உப்புக்குல்ல நக்குற நக்கு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'ம்ம்' சொல்லித் தப்பலாமா என்று யோசித்தேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையில் அது நடக்காது என்று தெரிந்தது. சொல்லிவிட்டேன். பாறை, உப்பு, வெள்ளைக்கார அம்மாள் கை ஆட்டியது, கால்சட்டை, எல்லாம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. பாதியில் சகலை தூணைப் பிடித்துக்கொண்டார். மாமனார் பாயில் உருண்டார். கடைசியாகச் செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது சிரிப்பில்.

இப்போது அந்த வீட்டுச் சுவரில் இரண்டு போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் சகலையைப் பார்த்து "நல்லாருக்கு" என்கிறார்கள். என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். "எங்க அக்கா வீட்டுக்காரர் போட்டோவை இப்ப யாரு பாக்குறா?" என்று செல்வி சொல்லிக்கொள்கிறாள்.

நான் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டேன், தலையும் நரைத்துவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்து விசேஷங்களில் பந்தியில் உட்கார்ந்தால் என் இலையில் மட்டும் உப்பு வைக்காமல் தாண்டிப் போவார்கள். பக்கத்து இலைக்காரர் சாம்பாரில் உப்புக் குறைவு என்று முகம் சுளித்தால் போதும். பந்தியின் கோடியிலிருந்து மாமனாரின் குரல் வரும்:

"எதுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் தேடுறீக? சின்ன மாப்பிள்ளை தோள்ல தொட்டுக்கங்க!"