மேடம் கேட்ட சத்தம்

"பேர்ப்பலகையை இப்ப மாட்ட வேண்டாம். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றாள் தலைமைப் பொறியாளர்.

தச்சர் ஏணியில் நின்றபடியே வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "போன மாசமும் இதையேதான் சொன்னீங்க மேடம்."

"சுவர் ஈரமா இருக்கே."

தச்சர் எதிரே இருந்த மரக்கதவைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். பலகை மாட்ட வேண்டியது கதவில்தான். ஏணியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் இதுதான். பாதி நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் அந்த நீரேற்று நிலையத்துக்குத் தன்னைத் தலைமைப் பொறியாளராகப் போட்டு வந்த கடிதத்தை அவள் நம்பவே இல்லை. துறையில் அவள் பெயரிலேயே இன்னொரு பொறியாளர் இருந்தார். ஆறு வருடம் மூத்தவர், பெரிய படிப்பு, மேடை ஏறினால் அருவி மாதிரிப் பேசுவார். கடிதம் அவருக்குத்தான் போயிருக்க வேண்டும்.

"அவங்களுக்கு வந்ததுன்னா இந்நேரம் தேடிட்டு வந்திருக்க மாட்டாங்களா?" என்றான் கணவன், துணி மடித்தபடி.

"கேக்கக் கூச்சப்படறாங்களோ என்னமோ."

"அப்ப நீயே ஆபீஸ்ல கேட்டுடு."

"கேட்டா எழுப்பி அனுப்பிடுவாங்களே."

ஆகவே, குட்டு உடையாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். முதல் வழி, கூட்டங்களில் வாயே திறப்பதில்லை. ஒரே மாதத்தில் டைரக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"வளவளன்னு பேசாம யோசிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான். புது பம்ப்பு வேலை முழுக்க உங்க பொறுப்பு."

அவளுக்குத் தெரியாதது ஏராளம், யாரும் பார்ப்பதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பம்ப்பு அறைக்குப் போய், ஒவ்வொரு பம்ப்பின் மேலும் கை வைத்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அங்கே காலை வேலையில் இருந்த ஆபரேட்டர் பெண்மணிக்குக் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். அதனால் எல்லோருக்கும் அவர் 'சைரன்'.

"சந்தேகம் பம்ப்பு மேலயா மேடம், இல்ல என் மேலயா?" என்று சைரன் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"என் மேலதான்."

சைரன் அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்தப் பம்ப்பு என்று மேடம் சொல்லிவிடுவார் என்று நிலையம் முழுக்கப் பரப்பியும் விட்டார்.

கையெழுத்துப் போடப் பயமாக இருந்ததால் ஒவ்வொரு கணக்கையும் மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பம்ப்பு விற்ற கம்பெனியின் வரைபடங்களில் இரண்டு தப்பு அகப்பட்டது. தானே தப்பாகப் படித்திருப்போம் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினாள். கம்பெனி பதிலுக்கு மன்னிப்புக் கேட்டது.

டைரக்டர் குளிர்ந்துபோனார். "தொடக்க விழாவுக்கு மேயர் வர்றார். சுவிட்சை நீங்களே போடுங்க."

இதற்கிடையே இன்னொரு வேதனை. அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றது. பணியாளர் பிரிவு எழுத்தர் அவளைக் கண்டாலே ஏதோ ஒரு ஃபைலை மூடினார். தெரிந்துவிட்டது, விழா முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

விழா அன்று மேயர், டைரக்டர், கேமராக்காரர்கள் என்று பம்ப்பு அறை நிறைந்துவிட்டது. அவள் சுவிட்சைப் போட்டாள். பம்ப்பு உறுமி எழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் தட்டவில்லை. உறுமலுக்கு அடியில், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். சைரனைப் பார்த்தாள். சைரனும் புருவத்தை நெரித்துக்கொண்டிருந்தார்.

அவள் சுவிட்சை அணைத்தாள்.

கைதட்டல் அந்தரத்தில் நின்றது. கம்பெனிப் பொறியாளர் ஓடி வந்தார். "மீட்டர் முள்ளு சரியாத்தானே காட்டுது மேடம். புது பம்ப்பு, முதல்ல கொஞ்சம் சத்தம் இருக்கும்."

"இந்தச் சத்தம் இருக்காது. தண்ணி உள்ள வர்ற குழாயில ஏதோ அடைச்சிருக்கு. திறங்க."

"மேயர் காத்திருக்கார்."

"ஆஸ்பத்திரிக்கும் இதே தண்ணிதான் போகுது. பம்ப்புக்குள்ள சக்கரம் உடைஞ்சா ஆஸ்பத்திரி ஒரு மாசம் காத்திருக்கணும். மேயர் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம்."

சொன்ன பிறகுதான் சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். மேயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தார்.

ஒன்றேகால் மணி நேரம் ஆனது. குழாயின் வளைவிலிருந்து ஒரு மஞ்சள் ஹெல்மெட் வெளியே வந்தது. உள்பக்கம் கம்பெனிப் பொறியாளரின் பெயர் அழகான கையெழுத்தில் இருந்தது.

"ரெண்டு வாரமா வீடு முழுக்கத் தேடறேன்" என்றார் அவர் மெல்ல.

இரண்டாம் முறை சுவிட்சைப் போட்டபோது பம்ப்பு ஒரே சுருதியில் பாடியது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இந்தச் சத்தத்தை எந்தக் கடிதமும் தனக்குக் கற்றுத்தரவில்லை, நின்று கேட்டது தன் காதுதான் என்று அப்போது தோன்றியது. நாலு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது.

நேரே பணியாளர் பிரிவுக்குப் போனாள். எழுத்தர் வழக்கம்போல் ஃபைலை மூடினார்.

"அந்தக் கடிதம் என் பேர்ல இருக்கற இன்னொருத்தருக்கு வந்ததா இருக்கலாம்" என்றாள் அவள். "இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நான் இங்கிருந்து போறதா இல்லை. யாராவது கேட்டு வந்தா என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன்."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"அந்தம்மா ரெண்டாவது வாரமே கடிதத்தைக் கேட்டு வந்தாங்க மேடம், அவங்களுக்கு வேற நிலையத்தைக் குடுத்து அனுப்பிட்டு, தெரிஞ்சா நீங்க கிளம்பிடுவீங்களோன்னு டைரக்டர்லேர்ந்து வாட்ச்மேன் வரைக்கும் நாலு மாசமா வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்."