அருமைநாயகி ரீச்சரைப் பற்றி ஒரு முறைப்பாடு

என்ரை அன்பான முழக்கத்தாருக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை விசாரித்தால் அரியாலைச் சனம் எனக்கு விசர் என்று சொல்லும், ஆகவே விசாரிக்கவில்லை. கடல் உங்களைக் கொண்டுபோன பிறகு வீடு வெகு அமைதி. வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியுமட்டும் றேடியோவும் போடுவதில்லை.

எழுத வந்தது அருமைநாயகி ரீச்சரைப் பற்றி. உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு எங்கள் மகள் மலர் நாலாம் வகுப்பில் கடைசிப் பிள்ளையாகிவிட்டாள். கேட்டதற்குப் பதில் இல்லை, கழுத்தை ஒருபக்கம் சரித்தபடியே இருப்பாள். தகப்பனை நினைத்துக் கவலை என்று நானும், மொக்கு என்று பழைய வாத்தியாரும் விட்டுவிட்டோம். புதிதாய் வந்த ரீச்சர் உவ விடவில்லை. பள்ளி விட்ட பிறகும் மறித்துவைத்துப் பாடம் சொல்கிறாவாம். அன்று தொடங்கியது எனக்கு எரிச்சல். சோறு போட்டால், "ரீச்சர் ஆறுதலாய்ச் சாப்பிடச் சொன்னவ." சீப்பெடுத்துத் தலை இழுத்தால், "ரீச்சர் நோகாமல் இழுப்பா." ஒருநாள் மடியில் படுத்துக்கொண்டே, "ரீச்சரிலை பவுடர் வாசம் அம்மா, உங்களிலை மீன் வாசம்" என்றாள். நானும் பவுடர் வாங்கிப் பூசிக்கொண்டு சந்தைக்குப் போனால், பக்கத்தில் மீன் விற்கிற லூர்த்தம்மா, "என்னடி மகாதேவி, மீனுக்குக் கலியாணமோ?" எண்டு கேட்டு, சந்தை முழுக்கச் சிரிச்சுது. அந்தக் கோவத்தோடை நேரை பள்ளிக்கூடம் போனன்.

"என்ரை பிள்ளையை எடுத்து வளர்க்கப் போறியளோ?" எண்டன்.

"உதிலை இருங்கோ, மலரின்ரை அம்மா" எண்டுபோட்டு, ரீச்சர் பிள்ளைக்குப் பின்னாலை போய் நிண்டா. இடக் காதைப் பொத்தச் சொல்லி மெல்லக் கூப்பிட்டா. திரும்பேல்லை. கொஞ்சம் உரத்துக் கூப்பிட்டா. திரும்பினாள். வலக் காதைப் பொத்தச் சொல்லி எவ்வளவு உரத்துக் கூப்பிட்டும் பிள்ளை அசையேல்லை.

"இவள் மொக்கில்லை. இடக் காது கேக்கேல்லை, மற்றதும் மந்தம்."

இப்ப முன் வரிசை வாங்கிலை, வலக் காது தன்ரை பக்கம் வர இருத்தி, முகம் பாத்து உரத்துச் சொல்லிக் குடுக்கிறா. கணக்கிலை பாஸ். பெத்தவளுக்குத் தெரியாதது பவுடர்க்காரிக்குத் தெரிஞ்சிட்டுது! உவவை எங்கையாவது தூரத்துக்கு மாத்தச் சொல்லி உங்கை இருக்கிற சாமியளிட்டை ஒருக்கால் சொல்லுங்கோ.

அங்கை ஆரையும் கத்தி எழுப்பாதையுங்கோ. தலையை ஈரமாய் வைச்சிருக்காதையுங்கோ.

உங்கள்
மகாதேவி

பி.கு.: சாமியளிட்டை ஒண்டும் சொல்லவேண்டாம். ரீச்சர் இஞ்சையே நிக்கட்டும். நாளைக்கு அவவுக்குப் பெரிய நண்டாய்ப் பாத்து அனுப்புறன். பிள்ளைக்கு உது குழந்தையிலை இருந்தே இருக்கெண்டு டொக்குத்தர் சொன்னார். நீங்கள் எப்பவும் அவளின்ரை வலப்பக்கம்தான் சாப்பிட இருப்பியள், பாடம் சொல்லிக் குடுத்தாலும் ஊருக்கே கேக்கக் கதைப்பியள். "இது வள்ளமில்லை, வீடு, மெல்லக் கதையுங்கோ" எண்டு நான்தான் நெடுகப் பேசினன். எனக்கு எரிச்சல் ரீச்சரிலை இல்லை, உங்களிலைதான். உண்மையைச் சொல்லுங்கோ, உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததோ?