ஸ்பிரிண்ட் சித்தரின் எலுமிச்சம்பழம்

செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த கூட்டத்தைவிட, அன்று திண்டிவனம் சாலையில் ஒரு மாடிப்படியில்தான் கூட்டம் அதிகம். கீழே அரிசி மண்டி, மேலே கம்ப்யூட்டர் கம்பெனி. படியில் நின்ற அத்தனை பேர் கையிலும் எலுமிச்சம்பழம். ஒருவருக்குப் பட்டா எப்போது மாறும் என்று தெரியவேண்டும். இன்னொருவருக்குக் கொத்தனார் எப்போது திரும்பி வருவார் என்று தெரியவேண்டும். தாசில்தாரையும் கொத்தனாரையும் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆனால் உள்ளே ஸ்பிரிண்ட் சித்தர் அல்லவா வந்திருக்கிறார்!

பழைய சித்தர்கள் மூலிகை தேடிக் காட்டுக்குப் போனார்களாம். இவர் ஏசி தேடி ஆபீசுக்கு வந்தார்.

வரவழைத்தவர் முதலாளி இளையபெருமாள். அவருடைய கம்பெனி மண்டிகளுக்குச் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து, யாருக்கு எந்த வேலை, அது எத்தனை பாயின்ட் கஷ்டம் என்று பிரித்துக்கொள்ளவேண்டும். அதற்குத்தான் ஸ்பிரிண்ட் என்று பெயர். சென்னைக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில், "எஸ்டிமேட் என்பது ஊகம்தான்" என்று யாரோ சொல்லித் தொலைத்தார்கள். இளையபெருமாள் பிடித்துக்கொண்டார். ஊகம்தானே? அதைத் தொழிலாகவே செய்கிறவரிடம் விட்டுவிட்டால் போயிற்று! ஆகா, எம்.பி.ஏ. படித்த மூளை!

சித்தரின் முறை எளிமையானது. மேசை நடுவில் பழத்தை வைத்து, ஒரு வேலையின் பெயரைச் சொல்லிக் கையை எடுப்பார். பழம் யார் பக்கம் உருளுகிறதோ, வேலை அவருக்கு. உருண்ட தூரம் எத்தனை சாணோ, அத்தனை பாயின்ட். மேசை சின்ன மேசை. அதனால் மலையைப் பெயர்க்கும் வேலைகூட இரண்டு பாயின்டைத் தாண்டியதில்லை. முதலாளிக்கு ஏக சந்தோஷம்.

சந்தோஷமில்லாதவள் மங்கை ஒருத்திதான். தொண்டூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வீட்டில் அவள் சம்பளம்தான் அடுப்பெரிக்கிறது. சித்தர் வந்த நாள்முதல் பழம் அவளைத் தவிர வேறு யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு பேர் வேலையை ஒருத்தி செய்தால் முடியுமா? முடியவில்லை. முடியாததற்குப் பெயர் தோஷம் என்றார் சித்தர். மற்றவர்கள் கையில் அவர் விற்ற தாயத்து இருந்தது. மங்கை வாங்கவில்லை.

"இன்னைக்கும் பழம் உங்கிட்டயே வந்துதுன்னா, நாளையிலருந்து வரவேணாம்மா" என்று இளையபெருமாள் சொல்லிவிட்டார். "நான் இன்னா பண்றது? தெய்வ குத்தம்."

மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பூங்குழலிக்குப் பொறுக்கவில்லை. அவள் டெஸ்டர். யார் எதைச் செய்து கொடுத்தாலும் போட்டு உடைத்துப் பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"சார், ஒரு சின்ன டெஸ்ட். நீங்களும் மங்கையும் சீட்டு மாத்திக்குங்க."

சித்தர் பதறினார். "கூடாது! வாஸ்து பாத்து நானே உக்கார வெச்சிருக்கேன்!"

"தோஷம் ஆளுக்கா, நாற்காலிக்கா சாமி?"

"ஆளுக்குத்தான்!"

"அப்ப ஆளு எங்க உக்காந்தா இன்னா?"

முதலாளி தன் தாயத்தைத் தடவிக்கொண்டு தைரியமாக இடம் மாறினார். பூங்குழலியே பழத்தை வைத்தாள். "மண்டி பில்லு மொத்தத்தையும் திருப்பி எழுதற வேலை" என்று சொல்லிக் கையை எடுத்தாள்.

பழம் நேராக உருண்டுபோய் முதலாளி மடியில் விழுந்தது.

"கை ராசியில்லாத பொண்ணு வெச்சா அப்பிடித்தான்!" என்று கத்திய சித்தர், தானே வைத்துப் பார்த்தார். மறுபடியும் முதலாளி மடி. முதலாளி கண்ணை மூடிக் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டே இன்னொருமுறை வைக்கச் சொன்னார். பழத்துக்குக் கந்தசஷ்டி புரியவில்லை, மடிதான் புரிந்தது.

"ரெண்டே பாயின்டு சார்" என்றாள் பூங்குழலி. "சாயந்தரத்துக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க."

"ஐயோ, எனக்குக் கோடிங் எழுதத் தெரியாதே!"

"முடியலன்னா தோஷம் சார். நாளையிலருந்து நீங்க வரவேணாம்."

அப்போதுதான் இளையபெருமாளுக்கு முதல்முறையாகச் சந்தேகம் என்ற ஒன்று வந்தது. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். சித்தர் பக்கத்து இரண்டு கால்களுக்கும் அடியில் கல்யாணப் பத்திரிகையை மடித்து மடித்து முட்டுக் கொடுத்திருந்தது. மங்கை தினம் உட்கார்ந்த இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அதாவது, இத்தனை நாள் மங்கையின் தலைவிதியை எழுதியது சனியும் இல்லை, ராகுவும் இல்லை. மேசையின் சரிவு.

"யோவ், இது இன்னாய்யா?"

"அது... அது வாஸ்து முட்டுங்க" என்றபடியே சித்தர் செருப்பைத் தேடினார். ஒரு செருப்புதான் கிடைத்தது. அதோடு இறங்கி ஓடினார்.

இளையபெருமாள் அசடு வழிய மங்கையிடம் திரும்பினார். "நீ வேலையில இரும்மா. போவேணாம். அந்த பில்லு வேலைக்கு எவ்ளோ நாளு ஆவும்?"

"கையில இருக்கறத மத்தவங்களும் பிரிச்சி எடுத்துக்கிட்டா, ஒரு வாரம் ஆவும் சார்."

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"நீங்க எங்க சார் என்னைக் கேட்டீங்க? பழத்தைத்தான கேட்டீங்க!" இத்தனை நாள் அடக்கிவைத்த கோபமெல்லாம் அந்தக் குரலில் இருந்தது. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் படியில் நின்ற கூட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. சித்தர் ஓடிவிட்டார், எல்லாம் மேசை செய்த வேலை என்று பூங்குழலியே வந்து விளக்கிச் சொன்னாள். கூட்டம் கவனமாகக் கேட்டது. பிறகு முன்வரிசையில் நின்ற பெரிய மனிதர் ஒருவர் பயபக்தியோடு கேட்டார்: "அந்த மேசைய விப்பீங்களா?"

ஐயா, பெரியோர்களே! கழுத்துக்கு மேலே ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறீர்களே, அது தலை வாரிக்கொள்வதற்கு மட்டும்தானா?