வியாழக்கிழமைக்கு ஒரு ஜுரம்

மேற்கு மாம்பலம்,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள சுந்தர் அண்ணாவுக்கு, தங்கை விஜயலக்ஷ்மி அநேக நமஸ்காரம். நாங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன், அதை நம்பாதே. மருந்தீஸ்வரர் புண்ணியத்தில் உன் கிளினிக்கும் மன்னியின் முழங்காலும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், மன்னி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். அதனால் உன் மருமான் சாய்சரண் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை, பசை காய்ந்துவிட்டது. பாடப் புத்தகத்தையே பிரிக்காதவன், இதையா பிரிக்கப் போகிறான்?

விஷயம் இதுதான். போன வாரம் வியாழக்கிழமை சாய்சரணுக்குக் கடும் ஜுரம் என்று நீ ஒரு சர்ட்டிபிகேட் எழுதித் தர வேண்டும். ஜுரம் வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்பதைக் கேள்.

அன்றைக்கு அஸைன்மென்ட் எழுத இவனோடு படிக்கிற ஷ்ரேயாவும், உங்கள் திருவான்மியூர் குப்பத்துப் பையன் ஏசுராஜும் வந்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு இவர்களே சொந்தமாக ஆணைகள் தயாரிக்க வேண்டுமாம். எடு, கூட்டு, திரும்பப் போ, நில். ஒவ்வொன்றையும் சைபரும் ஒன்றுமாக எழுதி, கூடம் முழுக்கப் பரப்பி, எனக்குக் கால் வைக்க இடமில்லை. வரிக்கு வரி கடைசியில் பாரிட்டி என்று ஒரு சைபரோ ஒன்றோ சேர்க்க வேண்டுமாம். வரியில் உள்ள ஒன்றுகளை எண்ணினால் இரட்டைப்படையாக வர வேண்டும், ஒற்றைப்படையாக வந்தால் அந்த வரியில் ஏதோ தப்பு. எங்கே என்று மட்டும் சொல்லாதாம். என் மாமியார் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளிப்பாரே, அந்த மாதிரி. ஷ்ரேயா வீணை கிளாஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள். ஏசுராஜ்தான் எண்ணிப் பார்த்தான். "கடைசி லைன்ல ஒத்தையா வருது மச்சி. எங்கியோ மிஸ்டேக் கீது, முதல்லேர்ந்து பாக்கணும்" என்றான். நான் சமையலறையில் அடை வார்த்துக்கொண்டிருந்தேன். "எவன்டா முதல்லேர்ந்து பாக்கறது? ஒரு சைபரை ஒண்ணாக்கிடு, ரெட்டையாயிடும். சாருக்கு என்ன தெரியப் போறது?" என்று ஒரு குரல். "வாணாண்டா" என்று இன்னொரு குரல். அப்புறம் ரப்பர் தேய்க்கிற சத்தம். முதல் குரல் யாருடையது என்று என்னைக் கேட்காதே, அண்ணா. பெற்றவளுக்குத் தெரியாதா?

மறுவாரம் காலேஜில் இவர்களுக்குப் பாடம் எடுக்கிற துரைராஜ் சார் அதை லேப் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார். 'நில்' என்று இருக்க வேண்டியது 'முதலுக்குத் திரும்பப் போ' என்று ஆகிவிட்டதாம். கிளாஸ் முடிகிற வரை அது நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது, பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். சார் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தால் ரப்பர் தேய்த்து ஓட்டை, எழுத்து ஏசுராஜுடையது. அவன் கையெழுத்துதான் அழகு என்று அவனையே எழுதச் சொல்லியிருந்தார்கள். "இது கவனக்குறைவு இல்லை, ஏமாற்று வேலை. திருத்தியவனுக்கு இந்த செமஸ்டர் ஹால் டிக்கெட் கிடையாது" என்றாராம். உடனே வீட்டுக்குப் போன் போட்டு, "வியாழக்கிழமை சாய்சரணும் கூட இருந்தானாம்மா?" என்று என்னைக் கேட்டார். என் வாய் இருக்கிறதே, "அவன் ஜுரத்துல படுத்துண்டிருந்தான் சார்" என்று சொல்லிவிட்டது! இவனும் அங்கே தலையை ஆட்டிவிட்டான். என்ன செய்யச் சொல்கிறாய்? ஏற்கெனவே கணக்கில் அரியர், இதுவும் போனால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆக, பழிக்கு மிச்சம் ஏசுராஜ் மட்டும். ஜுரத்துக்கு சர்ட்டிபிகேட் திங்கட்கிழமை வேண்டுமாம்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நேற்று சாயங்காலம் ஏசுராஜின் அம்மா தேசம்மா வந்தாள். மீன் விற்கிறவள், நம் வாசலுக்கு வருவதற்காக வியாபாரத்தை விட்டு, தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "யார்டா திருத்துனதுன்னு கேட்டா எம்புள்ள வாயத் தொறக்க மாட்டேன்றான் மா. உங்க வூட்லதான உக்காந்து எழுதுனாங்கோ, நீ பாத்திருப்பியே" என்றாள். "சாய்சரணுக்கு ஜுரம், நான் அவனைத்தான் பார்த்துண்டிருந்தேன்" என்றேன். அந்தப் பாவி அப்போது பார்த்து உள்ளே கிரிக்கெட்டில் சிக்ஸருக்குக் கத்தினான். "ஜுரத்துல பிதற்றறான்" என்றேன். அவள் வந்த காரியத்தையே மறந்துவிட்டாள், அண்ணா. "ஐயோ, இன்னுமா ஜொரம் உடல? நண்டு ரசம் வச்சிக் குடுத்தா ஒரே நாள்ல... அய்ய, நீங்க துன்ன மாட்டீங்கல்ல" என்று பதறி, தெருமுனைக்குப் போய் இரண்டு இளநீர் வாங்கி வந்து, "புள்ளைக்குக் குடும்மா" என்று வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அது அங்கேயே இருக்கிறது. யாரும் தொடவில்லை. ஏசுராஜுக்கு ஸ்காலர்ஷிப் நின்றுவிடும், படிப்பும் அதோடு சரி. எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது, ராத்திரி முழுக்க அழுதேன். ஆனாலும் நீ சர்ட்டிபிகேட் எழுது.

வைரல் என்று போட்டுவிடு. டைபாய்டு வேண்டாம், அந்த மனுஷர் ரத்தப் பரிசோதனை கேட்டாலும் கேட்பார். மன்னிக்கு நமஸ்காரம், உன் பேரக் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். சாய்சரண் நெற்றியில் உன் கையால் விபூதி இட்டு அனுப்பு. அவன் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
விஜி

பின்குறிப்பு: மாமா, இது சாய்சரண். பஸ்ல பிரிச்சுப் படிச்சுட்டேன். அந்தக் குரல் என்னோடதுதான். அம்மா கேட்டுண்டிருந்தான்னு இப்பதான் தெரியும். பாரிட்டியில ஒரு கோளாறு இருக்கு மாமா. ஒரு தப்புன்னா காட்டிக் குடுத்துடும், ரெண்டு தப்புன்னா எல்லாம் சரின்னு சொல்லிடும். நான் ஒரு பொய், அம்மா ஒரு பொய், கணக்கு சரியாப் போச்சு. நேத்து ஏசுராஜ் மெசேஜ் போட்டான்: 'ஜொரம் எப்டி கீது மச்சி?' அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. காலேஜ் ஸ்டாப்புல இறங்கி துரைராஜ் சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். எனக்கு ஹால் டிக்கெட் கிடையாது. ஏசுராஜ் பேர் ஏற்கெனவே பிரின்சிபாலுக்குப் போயிடுத்தாம், திரும்ப எடுக்க முடியுமான்னு திங்கட்கிழமைதான் தெரியுமாம். சர்ட்டிபிகேட் வேண்டாம். இதை உங்க கம்பவுண்டர்கிட்ட குடுத்துட்டு ஏசுராஜ் வீட்டுக்குப் போறேன், தேசம்மா ஆன்ட்டி இருப்பா. அம்மா போன் பண்ணி நான் எங்கேன்னு கேட்டா, எனக்கு ஜுரம், உங்க கிளினிக்ல படுத்துண்டிருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்கோ.