ஸ்பெயின் மன்னரின் கிங்ஸ்பரிக் கிளை

லண்டனில் இன்றைக்கும் பழைய ஸ்பெயின் மன்னருக்காகச் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கும் ஒரே ஆள் எல்லைக்கல் ரீச்சர்தான். மன்னருக்கு இது தெரியாது. அவர் இறந்து இருநூறு வருடங்களுக்கு மேலாகிறது. ரீச்சர் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பகலில் விமான நிலையக் கடையொன்றில் வாசனைத் திரவியம் விற்பார். செவ்வாய்தோறும் வேலை முடிந்ததும் ஹவுன்ஸ்லோவில் பஸ் ஏறி, இடையில் இரண்டு தடவை மாறி, கிங்ஸ்பரியில் உள்ள எங்கள் தேவாலய மண்டபத்துக்கு வருவார். அதன் பின்னறையில் பெரியவர்களுக்குத் தமிழில் வரலாறு படிப்பிப்பார். மண்டபக் குழு அவரிடம் கேட்டது உலக வரலாறு. ரீச்சர் ஜெர்மனியில் இருந்த காலத்தில் பல்கலைக்கழகத்தில் படித்ததோ, ஸ்பானியர்கள் வட அமெரிக்காவில் அமைத்த எல்லைப்புறக் குடியேற்றங்களைப் பற்றி. ஆகவே உலகம் அங்கிருந்து ஆரம்பித்தது. இரண்டு வருடமாகியும் டெக்சாஸைத் தாண்டவில்லை.

நான் யோகா வகுப்பைத் தேடிப்போய்த் தவறான கதவைத் திறந்தவள்.

"என்ன வேலை செய்யிறீர், பிள்ளை?" என்றார் ரீச்சர்.

"சேர்வேயர். நிலம் அளக்கிறது."

"கடவுளே! உம்மைத்தான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருக்கிறம். இரும்."

இருந்தேன். யோகாவுக்குக் கட்டிய பணம் போனது.

அவருடைய வகுப்பில் மாணவர்கள் இல்லை, குடியேறிகள்தான் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. வருகைப் பதிவேடும் நிலம் அளக்கும் கயிறும் எனக்கு. பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்க்கும் சூசை அண்ணைக்குக் குடியேறிகளோடு போன கத்தோலிக்கத் துறவியின் வேடம்.

"ரீச்சர், எனக்கு நாலு பிள்ளையள். நான் எப்பிடித் துறவியாகிறது?"

"உங்கட மனுசியைக் கேட்டுப்போட்டு வாங்கோ. அவ சந்தோசப்படுவா."

எல்லைக்கல் என்று பெயர் வைத்ததும் சூசை அண்ணைதான். "ஒருக்கா நிண்டாவெண்டால் ஆராலும் அசைக்கேலாது" என்பது அவர் சொன்ன காரணம். ரீச்சருக்கு அந்தப் பெயர் தெரியும். ஒரு தடவை வாழ்த்து அட்டையில் அப்படியே கையெழுத்தும் போட்டார்.

ரீச்சர் எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி கேட்பார்: இங்கே முதலில் இருந்தவர்கள் யார், அவர்கள் ஏன் போனார்கள்? குடியேற்றம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ஏற்கெனவே அந்த மண்ணில் வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை விடமாட்டார். வகுப்பில் அது அருமையான கேள்வி. செவன் கிங்ஸில் நடந்த புது வீடு குடிபூரலில் அப்படி இல்லை.

"நல்ல வீடு. இதில முதல் ஆர் இருந்தவை?" என்று வீட்டுக்காரரின் மாமியாரிடம் கேட்டார்.

"தெரியாது ரீச்சர்."

"ஏன் போனவை எண்டாவது தெரியுமோ? தாங்களாப் போனவையோ, இல்லாட்டி..."

அந்த 'இல்லாட்டி'தான் வினையானது. மாமியார் அன்றிரவு கண் மூடவில்லை. அடுத்த சனிக்கிழமை பாதிரியார் தீர்த்தத்தோடு மறுபடியும் வந்து, குளியலறை உட்பட முழு வீட்டையும் மந்திரித்துவிட்டுப் போனார். முன்பு அங்கே இருந்தவர்கள் பெரிய வீடு வாங்கி நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பூங்காவை அளந்த கதையையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு குதிரைக்காரர்கள் இடையில் ஒரு கயிற்றைப் பிடித்து நிலத்தை அளந்தார்களாம். குதிரை கிடைக்காததால் வாடகைச் சைக்கிள் எடுத்தோம். முன் சைக்கிளில் சூசை அண்ணை, பின்னால் நான், நடுவில் உடுப்புக் காயப்போடும் பருத்திக் கயிறு. பாதியில் மழை பிடித்தது. போகும்போது பன்னிரண்டு கயிறாக இருந்த அதே பக்கம், திரும்பி வரும்போது பன்னிரண்டரை. நனைந்த கயிறு சுருங்கியிருந்தது. மனம் கேட்காமல் நான் லேசர் கருவியை எடுத்தேன்.

"மெசினைப் பையுக்குள்ள வையும்," என்றார் ரீச்சர், தலையில் தண்ணீர் வடிய. "பிழை எங்க வருதெண்டு பாக்கத்தானே வந்தனாங்கள். இந்த அரைக் கயித்துக்காக அந்த நிலக்காரரின்ர பேரன்மார் கோட்டில வழக்காடினவை."

அளவைத் துறையில் எனக்கு யாரும் அவ்வளவு சுருக்கமாகப் பாடம் எடுத்ததில்லை. சூசை அண்ணைக்குத் தடிமனும் தும்மலும் பிடித்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய் மண்டபச் செயலாளர் வந்து வாசலில் நின்றார்.

"ரீச்சர், குறைஞ்சது பத்துப் பேராவது வேணும். இல்லையெண்டால் அறையை பட்மின்ரன் ஆக்களுக்குக் குடுக்கச் சொல்லிக் குழு முடிவு. வாற கிழமை வந்து எண்ணுவன்."

நாங்கள் ஏழு பேர்.

பஸ் தரிப்பிடத்தில் ரீச்சர் என்னிடம், "இது போச்செண்டால் நான் கிழமையில ஏழு நாளும் சென்ற் விக்கிறவள்தான், பிள்ளை," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

வாட்ஸ்அப்பில் சதி தொடங்கியது. சூசை அண்ணை நாலு உறவினர்களைக் கொண்டுவருவதாகச் சொன்னார். பட்டியல் என் பொறுப்பு: பெயர், வரும் பஸ், யாராவது கேட்டால் சொல்லவேண்டிய பதில். ரீச்சருக்குச் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவார். பட்டியல் கச்சிதமாக இருந்தது. அன்றைய பாடம் என்னவென்று பார்க்கத்தான் மறந்துவிட்டேன்.

அன்றைய பாடம் கள்ளப் பேரேடு. எல்லைக் கோட்டைத் தளபதிகள் இல்லாத வீரர்களின் பெயர்களை எழுதிச் சம்பளத்தை அமுக்கியதும், மன்னர் அனுப்பிய பரிசோதகர் வந்து ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்ததும். செயலாளர் பேனாவோடு மூலையில் இருக்க, ரீச்சர் உற்சாகத்தின் உச்சியில் இருந்தார்.

"எல்லாரும் எழும்பி வரிசையில நில்லுங்கோ! பேர், ஊர், ஆயுதம்!"

பதினொரு பேர் எழும்பினோம். ரீச்சர் புதுமுகம் ஒன்றின் முன்னால் போய் நின்றார். அது சூசை அண்ணையின் மனைவி.

"பேர்?"

"புஸ்பம்."

"எவ்வளவு காலமா இந்தக் கோட்டையில?"

"ரண்டு வருசம்," என்றார் புஸ்பம் அக்கா. என் பட்டியலில் இருந்த பதில்.

"நல்லது. எங்கட கோட்டைக்குப் பக்கத்தில ஓடுற ஆத்தின்ர பேர் என்ன?"

புஸ்பம் அக்கா கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

"தேம்ஸ்."

அடுத்தவர் சூசை அண்ணையின் மச்சான். அவரை ஒன்றும் கேட்கவே தேவையிருக்கவில்லை. "கொத்து ரொட்டி வாங்கித் தாறன் எண்டு அத்தான் சொன்னவர், அதுதான் வந்தனான்," என்று தானாகவே ஒப்புக்கொண்டார்.

ரீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எனக்கு முகத்தை வைக்க இடம் இல்லை. பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார்.

"எழுதுங்கோ. உண்மையான ஆக்கள் ஏழு."

"ரீச்சர்," என்றார் செயலாளர் குரலைத் தாழ்த்தி, "நான் பதினொண்டெண்டே எழுதிவிடுறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஏலாது. ரண்டு வருசமா அந்தத் தளபதியளைக் கள்ளர் எண்டு படிப்பிச்சுப்போட்டு, இப்ப நானே செய்யிறதோ?"

செயலாளர் ஏழு என்று எழுதினார். அறை போனது. ரீச்சர் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"நில்லுங்கோ ரீச்சர்," என்றார் புஸ்பம் அக்கா. "அந்தத் தளபதியைப் பிறகு என்ன செய்தவை?"

"அது அடுத்த பாடம்."

"அடுத்த பாடம் எங்க?"

ரீச்சர் வரைபடத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"அப்ப என்ர தையல் கடைக்கு வாங்கோ. மேல் அறையில துணிதான் கிடக்கு. பாதியில விட்ட கதையோட எனக்கு நித்திரை வராது."

அடுத்த செவ்வாய் தையல் கடையின் மேல் அறையில் பத்துப் பேர் இருந்தோம். ஏழு பேர் பழையவர்கள். மற்ற மூவரும் கள்ளப் பேரேட்டில் இருந்து வந்தவர்கள். மச்சானும் கொத்து ரொட்டி இல்லாமலே வந்திருந்தார்.

ரீச்சர் முதலில் அறையை முறைப்படி கைப்பற்றவேண்டும் என்றார். புது நிலம் பெற்றவர் புல்லைப் பிடுங்கி, நாலு பக்கமும் கல் எறிந்து, மன்னர் வாழ்க என்று கத்துவாராம். புல்லுக்குப் பதில் கம்பளத்தில் ஒரு நூலைப் பிடுங்கினார். கல்லுக்குப் பதில் ஒரு பிடி பொத்தான்.

"எறியிறதை எறியுங்கோ," என்றார் புஸ்பம் அக்கா. "போகேக்க ஒண்டும் விடாமல் பொறுக்கித் தரோணும்."

பொத்தான்கள் பறந்தன. கத்த வேண்டிய இடத்தில் ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அவருக்காகச் சூசை அண்ணைதான் கத்தினார்.

அறையில் கதிரைகள் ஆறுதான். மற்றவர்கள் துணிச் சுருள்களில் இருந்தோம். என்னுடையது சிவப்பு வெல்வெட் சுருள். நான் கொஞ்சம் தள்ளி இடம் விட்டு, "இருங்கோ ரீச்சர்," என்றேன்.

பக்கத்தில் வந்து இருந்தார்.