ஆமைப்பூட்டு அண்ணையும் அந்தோனியாரும்

உலகத்திலுள்ள கள்ளர் எல்லோரும் ஒன்றுகூடி முல்லைத்தீவை மட்டும் விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தால், அதற்கு ஒரே காரணம் எங்கள் ஆமைப்பூட்டு அண்ணையாகத்தான் இருக்கும். அவரிடம் களவெடுக்க வருகிற கள்ளன் தன்னுடைய பெயரையும் மறந்துதான் திரும்பிப் போவான்.

நான் வேலை செய்த சங்க அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடை அவருடையது. படம் பிடிப்பார், அறிவித்தல்கள் அச்சடிப்பார், ஊராரின் கணினிகளைத் திருத்துவார். கடையின் பெயர்ப்பலகையில் ‘ஸ்ரூடியோ’ என்று மட்டும் எழுதியிருக்கும். எதையும் பூட்டியே வைப்பதால் ஊரார் வைத்த பட்டம்தான் ஆமைப்பூட்டு; அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. மனைவியும் அவரை “இஞ்சருங்கோ” என்றுதான் கூப்பிடுவா. அது அவருக்குப் பெரிய வசதியாகப் போய்விட்டது.

கணினியின் கமராக் கண்ணில் மனைவியின் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தார். பாஸ்வேட் அடிக்கும்போது, சளி பிடித்த தடிமன்காரர் ஆவியில் வேது பிடிப்பதுபோல, துவாயால் தலையையும் கீபோட்டையும் சேர்த்து மூடிக்கொள்வார். அதையும் அடிக்கடி மாற்றுவார். ஒருநாள் மாற்றியதைத் தானே மறந்துவிட்டு, காலையிலிருந்து பின்னேரம் வரை கணினிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

“என்ன அண்ணை, உள்ள போகேலாமல் கிடக்கோ?” என்று கேட்டேன்.

“ஓம். ஆனா கள்ளனும் போகேலாது,” என்றார் வெகு சந்தோசமாக.

இப்படிப்பட்டவரிடம் அறிவித்தல் அச்சடிக்கப் போவதென்றால் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு அறிவித்தல் என்றால் குடும்பத்தின் வேர் முதல் கொழுந்துவரை அதில் வரவேண்டும். ஒரு தகப்பன், மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்திய வீட்டுக்குப் பனர் அடிக்க வந்தார்.

“பிள்ளையின்ர பேர், பிறந்த தேதி, படிக்கிற பள்ளிக்கூடம், கனடா மாமா, சுவிஸ் சித்தப்பா, எல்லாற்ற போன் நம்பரும் வரவேணும்.”

“பிறந்த தேதி என்னத்துக்கு?”

“ஊருக்குத் தெரிய வேண்டாமோ?”

“ஊருக்குத் தெரியும். கள்ளனுக்கும் தெரிய வேணுமோ எண்டுதான் கேக்கிறன்.”

கடைசியில் பனர் வந்தது. இரண்டு மயில், ஒரு நிறைகுடம். நடுவில், ‘எங்கள் வீட்டில் ஒரு மங்கள காரியம். எங்களைத் தெரிந்தவர்கள் அனைவரும் வருக’. சாமத்திய வீட்டன்று அடுத்த ஒழுங்கையிலும் ஒரு கலியாணம் இருந்தது. பாதிப்பேர் அங்கே போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அந்தத் தகப்பன் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

கடற்கரைப் பக்கத்துத் திரேசா அக்காவுக்கும் அதே கோபம்தான். கணவர் சூசை அண்ணையின் ஆண்டு நினைவஞ்சலிக்கு விபரம் முழுவதும் போடச் சொன்னா. ஆமைப்பூட்டு அண்ணையோ, படமும் பூசை நேரமும் போதும் என்றார். “என்ர மனுசனுக்கு நான் போடுறன், உமக்கென்ன?” என்று பேசிவிட்டு, அக்கா வவுனியாவுக்குப் பஸ் ஏறி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்கள் இருக்கிற நாடுகள், தன் போன் நம்பர் எல்லாம் போட்டு அச்சடித்து, முகநூலிலும் போட்டுவிட்டா.

சில நாளில் ஒரு அழைப்பு வந்தது. “அன்ரி, நான் பிரான்ஸில இருந்து உங்கட மருமோன்ர சிநேகிதன் கதைக்கிறன். சூசை மாமாவின்ர பழைய படம் கொஞ்சம் என்னட்டை கிடக்கு. அனுப்புறதுக்கு உங்கட போனுக்கு ஒரு இலக்கம் வரும், அதைச் சொல்லுங்கோ.” பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் வரிசையாகச் சொல்கிறவனை எப்படிச் சந்தேகிப்பது? அக்கா சொல்லிவிட்டா. அந்த நிமிடத்தோடு அவவின் ஈமெயில் அவவுக்கே திறக்கவில்லை.

அந்த ஈமெயிலுக்குள்தான் சூசை அண்ணை இருந்தார். இடம்பெயர்ந்து ஓடியபோது வீட்டு அல்பம் எல்லாம் போய்விட்டது. பிறகு சொந்தக்காரர்கள் தங்கள் அல்பங்களில் தேடித்தேடி அனுப்பிய படங்கள் அவை. யாரோ ஒருவரின் கலியாணத்தில் ஓரமாக நிற்கிற சூசை அண்ணை, யாரோ ஒருவரின் ஞானஸ்நானத்தில் தலை மட்டும் தெரிகிற சூசை அண்ணை. அக்கா அழுதுகொண்டு ஸ்ரூடியோவுக்கு ஓடிவந்தா.

‘நான் அப்பவே சொன்னனான்’ என்று தொடங்கப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. முதலில் அக்காவின் போனை வாங்கி, அவவின் பெயரில் யார் என்ன கேட்டாலும் கொடுக்கவேண்டாம் என்று பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லவைத்தார். பிறகு கேட்டார்:

“அக்கா, முந்தி படமெல்லாம் கொப்பி பண்ணி ஒரு பென் ட்ரைவ் தந்தனானெல்லோ, எங்க?”

“கொம்பியூட்டருக்குத் தெரியாத இடத்தில வையுங்கோ எண்டு சொன்னனீர். வைச்சனான். இப்ப எனக்கும் தெரியேல்லை!”

மூவருமாக அவவின் வீட்டைக் கிண்டினோம். அலுமாரி, அரிசிப்பானை, குசினியில் மிளகாய்த்தூள் ரின், கொல்லையில் வலைக்குவியல். தும்மல்தான் மிச்சம். கடைசியில் அக்கா, வீட்டு மூலையில் சின்னச் சிலையாக நிற்கிற, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனா. பட்டை பட்டையாக விபூதி பூசியிருந்த ஆமைப்பூட்டு அண்ணையும் பக்கத்தில் போய்க் கைகூப்பி நின்றார். திரிக்கு இடம்விட அக்கா அவருடைய சுருவத்தைத் தூக்கினா. அடியில், ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பைக்குள், பென் ட்ரைவ்.

“நல்ல இடம்,” என்றார் அண்ணை மரியாதையோடு. “அவர் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார்.”

கடைக்கு ஓடினோம். அக்கா கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் இருந்துவிட்டா. இவர் என்ன செய்தார் தெரியுமா? “பொறுங்கோ, முதல்ல வைரஸ் பாப்பம்!” அந்தப் பச்சைக் கோடு ஊர்ந்து முடிவதற்குள் எனக்கு இவரை அடிக்கலாம்போல வந்தது. பிறகு படங்கள் திறந்தன. ஓரத்தில் நின்ற சூசை அண்ணை திரை முழுக்கச் சிரித்தார். “ஐயோ, என்ர மனுசன்!” என்று அக்கா திரையைத் தடவினா.

ஆமைப்பூட்டு அண்ணை எழும்பினார். “நீங்கள் ஆறுதலா இருந்து பாருங்கோ அக்கா. அது உங்கட சொந்த விசயம்,” என்று சொல்லி என்னையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார். வெயிலில் நின்று துவாயால் கண்ணைத் துடைத்தார். மிளகாய்த்தூள் என்றார்.

எனக்கு அந்த மனிதர்மேல் அன்றைக்குக் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது. அந்த வேகத்தில், “அண்ணை, எனக்கு ஏதும் நடந்தால் என்ர பாஸ்வேட் உங்களிட்டை இருக்கட்டும், சொல்லுறன் கேளுங்கோ,” என்றேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினார். இவ்வளவு பெரிய உலகத்தில் நான் முழுதாக நம்புகிற ஒரே ஆள் அவர். சொன்னால்தான் கேட்கமாட்டேன் என்கிறார்.